கந்தகமும் மெழுகும்: ஒரு தகர டப்பியின் சரித்திரம்

தலைக்கு எண்ணெய் இடுவது நம்மவர்க்குப் புதுமையன்று. செவ்வாயும் வெள்ளியும் பெண்டிர் எண்ணெய் தேய்த்து, சீயக்காய் அரைத்து முழுகும் வழக்கம் எந்நாளில் தோன்றிற்று என்று சொல்லவல்லார் எவருமிலர். நம் முன்னோர் கப்பலேறிப் பால்மரத் தோட்டங்களுக்கு வந்தபோதும் அவ்வழக்கத்தை ஊரில் விட்டுவிட்டு வரவில்லை. ஆகவே, கூந்தல் தைலத்திற்கு ஒரு சரித்திரமா என்று வாசகர் நகைக்கக்கூடும். உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க நாட்டில் விற்ற ஒரு சிறு தகர டப்பியின் சரித்திரம் எண்ணெயையும் மெழுகையும் மட்டும் பற்றியதன்று. அடிமைப்பட்டிருந்த ஒரு மக்களின் பெண்கள், பிறர் வீட்டு அழுக்குத் துணியினின்றும் தம் கைகளை எடுத்துக்கொண்ட சரித்திரமும் அதுவேயாகும். அதனை ஈண்டுச் சொல்லப் புகுகின்றோம்.

அக்காலத்து மேனாட்டார் தலை முழுகிய வகையை முதலில் அறிதல் வேண்டும். 1908-ம் ஆண்டு மே மாதத்தில் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை, கூந்தலைக் கழுவும் முறை பற்றிப் பெண்களுக்கு ஒரு கட்டுரை வெளியிட்டது. இரு வாரத்திற்கு ஒருமுறை கழுவலாம் என்பாரும் உளராயினும், நல்ல நிலையிலுள்ள கூந்தலுக்கு மாதம் ஒருமுறையோ ஆறு வாரத்திற்கு ஒருமுறையோ போதும் என்பது அதன் கருத்து. இதனைச் சோம்பல் என்று இகழ்தல் கூடாது. குழாய் நீர் இல்லாத வீடுகள் அன்று மிகுதி. நீரை இறைத்து, சுமந்து, அடுப்பேற்றிக் காய்ச்சியாக வேண்டும். சவர்க்காரமோ கொழுப்பும் காரமும் கூட்டிச் செய்தது. அக்காரம் மயிரிழையின் மேற்புறத்துச் செதில்களை நிமிர்த்திச் சொரசொரப்பாக்கும். கடின நீராயின் வெள்ளைப் படிவாகத் தலையிலேயே தங்கிவிடும். 'ஷாம்பு' என்று பெயரிட்டு விற்றவையும் பெரும்பாலும் சவர்க்காரமேயன்றி வேறல்ல. தேங்காயெண்ணெயைப் பொட்டாசுக் காரத்தோடு காய்ச்சிய நீர்ச் சவர்க்காரம் ஒன்று. நீரில் கரைத்துக்கொள்ளும் பொடி மற்றொன்று. பெர்லின் நகரத்து மருந்துக்கடைக்காரராகிய ஹான்ஸ் ஷ்வார்ட்ஸ்கோப் அத்தகைய பொடியை 1903-ல் விற்கத் தொடங்கினார்.

ஷாம்பு என்னும் சொல் இந்துஸ்தானி மொழியிலிருந்து சென்றது என்பதை இடையே சொல்லி வைப்போம். அமுக்கு, பிசை என்பது அதன் பொருள். பாட்னாவைச் சேர்ந்த சேக் தீன் முகமது என்பார் 1814-ல் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் குடியேறி, நீராவிக் குளியலோடு உடம்பு பிடித்துவிடும் நிலையம் நடத்திப் பெரும் பெயர் பெற்றார். இரண்டு அரசர்க்கு அப்பணி செய்யும் பட்டமும் அவருக்குக் கிட்டியது. உடம்பைப் பிசைதலைக் குறித்த சொல் பின்னர் தலையைக் கழுவுதலைக் குறிப்பதாயிற்று. சொல்லை எடுத்துச் சென்றவர்கள் சீயக்காயை எடுத்துச் செல்லாமற் போனது நமக்கு வியப்பாகவே உள்ளது.

வெள்ளையர் வீடுகளில் நிலைமை இதுவாயின், தென் மாநிலங்களில் பருத்திக் காடுகளை நம்பி வாழ்ந்த கறுப்பினப் பெண்களின் நிலையை எண்ணிப் பார்க்கலாம். அடிமைக் காலத்தில் அவர்களுக்குச் சீப்பும் இல்லை, எண்ணெயும் இல்லை. ஆட்டு மயிரைக் கோதும் முட்பலகையால் தலை கோதினர். பன்றிக் கொழுப்பையும் வெண்ணெயையும் பூசினர். மண்ணெண்ணெய் கொண்டு தலையைத் துடைத்தனர். பகலெல்லாம் துணியால் தலையை இறுகக் கட்டிக்கொண்டு வெயிலில் உழைத்தனர். 1865-ல் அடிமைத்தனம் சட்டப்படி ஒழிந்தது. ஆனால் வறுமையும், அழுக்கு நீரும், போதாத உணவும் ஒழியவில்லை. பொடுகும் படர்தாமரையும் சொறியும் பற்றி, இளம் வயதிலேயே உச்சி வழுக்கையான பெண்கள் மிகப் பலர்.

அத்தகையோருள் ஒருவர் சாரா பிரீட்லவ். லூசியானா மாநிலத்து டெல்டா என்னும் சிற்றூரில் 1867-ம் ஆண்டு டிசம்பர் 23-ந் தேதி பிறந்தார். பெற்றோர் அவ்வூர்ப் பருத்தித் தோட்டத்தில் அடிமைகளாயிருந்தவர். அவர்கள் மக்களுள் விடுதலைக்குப் பின் பிறந்த முதற் குழந்தை இவரே. ஏழு வயதிற்குள் தாயையும் தந்தையையும் இழந்தார். பதினான்காம் வயதில் மணம். இருபதாம் வயதில், கையில் ஒரு பெண் மகவோடு கைம்மை. செயின்ட் லூயிஸ் நகரில் நாவிதத் தொழில் செய்துவந்த தமையன்மாரை நாடிச் சென்று, அங்கே துணி வெளுத்துப் பிழைத்தார். ஏறத்தாழப் பதினெட்டு ஆண்டுகள் கொதிநீர்த் தொட்டியின் ஆவியிலும் காரத்திலும் நின்ற அவ்வம்மையாருக்கும் தலைமயிர் கொட்டலாயிற்று.

அக்காலத்துக் கடைகளில் கூந்தல் மருந்துகளுக்குக் குறைவில்லை. எருதின் எலும்பு மச்சையினால் செய்தது என்றும், ஓசோன் ஊட்டியது என்றும் கூறிக்கொண்டு பல சரக்குகள் கறுப்பினத்தார் பத்திரிகைகளில் விளம்பரமாயின. விற்றவருட் பலர் வெள்ளையர். அவ்விளம்பரங்கள் வாங்குவோரின் இயற்கைச் சுருள்மயிரையே ஒரு நோயென இகழ்ந்து, அந்நோய்க்குத் தாமே மருந்தென்று கூறின. உள்ளே இருப்பது இன்னதென்று டப்பியின் மேல் எழுத வேண்டுமென்ற கட்டாயம் அன்று இல்லை. 1906-ல் அமெரிக்காவில் இயற்றிய தூய உணவு, மருந்துச் சட்டம் அழகுப் பொருள்களைத் தொடவேயில்லை. அதன் விளைவு எவ்வளவு கொடிது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும். 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில், வேண்டாத உரோமத்தை நீக்கும் களிம்பு என்று 'கொரெம்லு' என்னும் பண்டத்தை விற்றனர். அதிலிருந்தது தாலியம் அசிட்டேட். தாலியம் எலிகளைக் கொல்ல வைக்கும் நஞ்சு. பூசிய இடத்து உரோமம் மட்டுமன்றித் தலைமயிரும் உதிர்ந்தது. நரம்புகள் கெட்டு நடக்க இயலாமற் போனவர்களும் உண்டு. 1938-ல்தான் அழகுப் பொருள்கள் சட்டத்தின் ஆட்சிக்குள் வந்தன. அப்போதும் கரித்தாரிலிருந்து எடுக்கும் தலைச்சாயங்களுக்கு, எச்சரிக்கைச் சீட்டு ஒட்டியிருந்தால் போதுமென்று விலக்களித்தனர்.

இப்படிப்பட்ட சந்தையில் 1903-ஐ ஒட்டிச் சாரா அம்மையார் முதலில் விற்றது தம் சரக்கையன்று. ஆனி டர்ன்போ என்னும் மற்றொரு கறுப்பினப் பெண்மணியின் சரக்கை. பிற்காலத்தில் ஆனி மலோன் என்று பெயர் விளங்கிய அவரே இத்தொழிலில் முன்னோடி. வீடுவீடாகச் சென்று, வாசலிலேயே தலையைக் கழுவிக் காட்டி விற்கும் முறையை அமைத்தவரும் அவரே. 1905-ல் சாரா டென்வர் நகருக்குச் சென்றார், 1906 ஜனவரியில் பத்திரிகை விளம்பரத் தொழில் அறிந்த சார்ல்ஸ் ஜோசப் வாக்கர் என்பாரை மணந்தார், மேடம் சி. ஜே. வாக்கர் என்னும் பெயரால் தம் சொந்த மருந்தை விற்கலானார். தம் முறையைப் பிறர் களவாடுகின்றனர் என்று மனம் புழுங்கிய ஆனி அம்மையார், அதே 1906-ல் 'போரோ' என்னும் வணிகக் குறியைப் பதிவு செய்துகொண்டார். இருவர் சரக்கிற்கும் 'அதிசயக் கூந்தல் வளர்ப்பி' என்ற ஒரே பெயர் வழங்கிற்று. யார் யாரிடம் எவ்வளவு கற்றனர் என்னும் வழக்கில் நாம் ஆனி அம்மையார் பக்கமே சாய்கின்றோம். உலகம் வாக்கர் பெயரையே பெரிதும் நினைவில் வைத்ததென்பது அவருக்கிழைத்த ஒரு குறை.

வாக்கர் அம்மையாரோ தம் மருந்து கனவில் வந்ததென்றார். பெரிய உருவமுடைய கறுப்பு மனிதர் ஒருவர் கனவிற் தோன்றி, கலக்க வேண்டிய பொருள்களைச் சொன்னாராம். அவற்றுட் சில ஆப்பிரிக்காவில் விளைவனவாம். வியாபாரத்திற்கு இக்கதை நன்று. ஆனால் டப்பியிலிருந்த பொருள்கள் இன்னவை என்று இன்று நமக்குத் தெரியும். கந்தகம், மயில்துத்தம், தேன்மெழுகு, வாசலின் போன்ற மண்ணெண்ணெய்க் களிம்பு, தேங்காயெண்ணெய், கந்தக நாற்றத்தை மறைக்க வயலெட் பூவின் நறுமணம்: இவ்வளவே. இவற்றைச் சொல்லக் கனவு வேண்டுவதில்லை. கந்தகக் களிம்பு அதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே மேனாட்டு மருந்து நூல்களில் இடம்பெற்றிருந்தது. நம் நாட்டு மருந்துக் கடைக்காரரும் கந்தகத்தையும் துத்தத்தையும் தோல் நோய்க்கென்று எடுத்துக் கொடுத்துவந்தவரே.

இப்பொருள்கள் ஒவ்வொன்றும் செய்யும் வேலையைப் பார்ப்போம். பொடுகு என்பது வெறும் வறட்சியன்று; மண்டைத் தோலின் எண்ணெய்ப் பசையை உண்டு வாழும் நுண்ணிய பூஞ்சையொன்றின் கூத்து அதில் உண்டு. கந்தகம் அப்பூஞ்சையை அடக்கும். தடித்த செதில்களை இளக்கி உதிர்க்கும். மயில்துத்தமும் பூஞ்சைக்குப் பகை. இன்றும் பொடுகுக்கென விற்கும் சில மருந்துகளில் கந்தகம் இருக்கின்றது. வாசலினின் கதை சுவையானது. 1859-ல் பென்சில்வேனியா மாநிலத்து டைட்டஸ்வில் என்னுமிடத்தில் மண்ணெண்ணெய்க் கிணறு தோண்டிய பின், இறைக்கும் தண்டுகளில் கரிய பசையொன்று ஒட்டி வேலையைக் கெடுத்தது. தொழிலாளிகள் அதனைத் திட்டிக்கொண்டே சுரண்டி எடுத்து, தங்கள் தீப்புண்ணிலும் வெட்டுக்காயத்திலும் தடவிக்கொண்டனர். அதைக் கண்ட ராபர்ட் செஸ்பரோ என்னும் இரசாயனர் அப்பசையை வெளுக்கச் சுத்திகரித்து, 1872-ல் வாசலின் என்னும் பெயரோடு உரிமைப் பட்டயம் பெற்றார். அது கெடாது, ஊசிப்போகாது. தோலின் ஈரத்தை வெளிவிடாது மூடும். கந்தகத்தைத் தலையில் பிடித்து நிறுத்தும். பன்றிக் கொழுப்போ நான்கு நாளில் நாறும். தேன்மெழுகு கோடை வெயிலில் களிம்பு உருகி ஓடாமல் காக்கும். தேங்காயெண்ணெயைப் பற்றி நம்மவர்க்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆயினும், அது மயிரிழையினுள்ளே புகுந்து, கழுவும்போது புரதம் கழிந்துபோவதைக் குறைக்கின்றது என்று 2003-ல் வெளிவந்த மும்பை ஆராய்ச்சியொன்று காட்டிற்று. அதைச் செய்தவர் தேங்காயெண்ணெய் விற்கும் கம்பெனியாரே என்பதையும் வாசகர் மறவாதிருத்தல் நன்று.

ஆக, அந்த 'வளர்ப்பி' மயிரை வளர்க்கவில்லை. வேரில்லாத இடத்தில் மயிரை முளைக்கச் செய்யும் ஆற்றல் கந்தகத்திற்கும் இல்லை, மெழுகிற்கும் இல்லை. அது மண்டைத் தோலின் நோயைத் தணித்தது. நோய் தணிந்த தோலில் மயிர் தானே வளர்ந்தது. டப்பியோடு அம்மையார் கற்பித்த பாடமே அதனினும் பெரிய மருந்து என்பது நம் கருத்து. மாதக் கணக்கில் கழுவாத தலையை அடிக்கடி கழுவுக என்றார். தாவரச் சவர்க்காரமென்று ஒரு ஷாம்பு விற்றார். மண்டையைக் கோதிச் செதிலை நீக்கியபின் களிம்பு தடவச் சொன்னார். கறுப்பு மயிர் கேடன்று, கவனியாமையே கேடு என்று சொல்லி விற்ற விளம்பரம் அக்காலத்தில் அரிது. டப்பியின் மேல் பதித்த முகமும் அவருடைய முகமே.

1908-ல் பிட்ஸ்பர்க் நகரில் தம் மகள் லீலியாவின் பெயரால் ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கினார். 1910-ல் இண்டியானாபோலிசு நகரில் குடியேறித் தொழிற்சாலை அமைத்தார். எட்டு இருப்புப்பாதைகள் வந்து கூடும் நடுநகர் என்று வணிகர் மெச்சிய அவ்வூரிலிருந்து டப்பிகள் நாடெங்கும் சென்றன. அவற்றைச் சுமந்து சென்றவர்கள், அம்மையாரின் பள்ளியில் முறை கற்றுச் சான்றிதழ் பெற்ற பெண்கள். துணி வெளுத்தும், அடுக்களையில் சமைத்தும், வயலில் குனிந்தும் கூலி பெற்றவர்கள், வெள்ளை மேற்சட்டையும் நீண்ட கரும்பாவாடையுமாகக் கைப்பெட்டியேந்தி வீடுவீடாகச் சென்றனர். கங்காணியும் இல்லை, எசமானியின் அதட்டலும் இல்லை. விற்றதில் பங்கு தம் கையிலேயே தங்கிற்று. தோட்டத்துப் பெண்டிர் தம் கூலியைக் கணவன் கையிலோ கடைக்காரன் கணக்கிலோ ஒப்புவித்த நாட்களைக் கேட்டறிந்தவர்கள் இதன் அருமையை உணர்வர். 1918-ம் ஆண்டில் அக்கம்பெனியின் விற்பனை இரண்டரை இலட்சம் டாலரைத் தாண்டிற்று.

எனினும் அவ்வினத்துத் தலைவர் பலர் இத்தொழிலை மதித்தாரில்லை. டஸ்கீஜி கல்வி நிலையத்துத் தலைவரும், கறுப்பினத்தாரிடையே பெருஞ்செல்வாக்கு உடையவருமாகிய புக்கர் டி. வாஷிங்டன், கூந்தல் மருந்து விற்பவர்கள் தம் மக்களை வெள்ளையரைப் போலாக்க முயல்வோர் என்று கருதினார். 1912-ல் சிகாகோ நகரில் அவர் தலைமையில் கறுப்பின வணிகர் மகாநாடு கூடியது. வாக்கர் அம்மையார் பேச வாய்ப்புக் கேட்டார், கிடைக்கவில்லை. பத்திரிகை ஆசிரியர் ஒருவர் எழுந்து அவருக்காகப் பரிந்து பேசினார்; தலைவர் செவிசாய்க்கவில்லை. இறுதி நாளன்று அம்மையார் தாமே எழுந்து நின்றார். தாம் பருத்திக் காட்டிலிருந்து வந்தவர் என்றும், அங்கிருந்து துணித் தொட்டிக்கும், தொட்டியிலிருந்து அடுக்களைக்கும் உயர்த்தப்பட்டவர் என்றும், அதற்கு மேல் தம்மைத் தாமே உயர்த்திக்கொண்டு கூந்தல் மருந்துத் தொழிலுக்கு வந்ததாகவும், தம் சொந்த நிலத்தில் தம் சொந்தத் தொழிற்சாலையைக் கட்டியிருப்பதாகவும் அஞ்சாது கூறினார். மறு ஆண்டு மகாநாட்டில் அவரைப் பேச அழைத்தவர் அதே வாஷிங்டன்.

அம்மையாரின் துணிவை மெச்சும்போதே, வாஷிங்டனார் எழுப்பிய கேள்வியையும் தள்ளிவிடலாகாது. சுருள்மயிரை நேராக்குவது சுயமரியாதைக்கு ஏற்றதா? அம்மையார் தம் மருந்தை மயிர் நேராக்கும் மருந்தென்று விளம்பரம் செய்ததில்லை. அப்படிக் கூறியவர்களைச் சினந்து மறுத்தார். ஆயினும் நெருப்பில் காய்ச்சிய உலோகச் சீப்பு அவர் முறையில் ஓர் அங்கமாகவே இருந்தது. 'குளோசின்' என்னும் மெருகெண்ணெயைத் தடவி, அச்சீப்பால் இழுத்தால் மயிர் நேராகும். மயிரின் புரதத்தைப் பிணித்து நிற்கும் மெல்லிய கட்டுகளை வெப்பம் தளர்த்துவதே காரணம். மழையோ வியர்வையோ பட்டால் பழைய சுருளே மீளும். அச்சீப்பை அவர் கண்டுபிடித்தார் என்று பலர் எழுதுவது பிழை. அஃது அவருக்கு முன்பே வழக்கில் இருந்தது. தம் மக்கள் வெள்ளையரிடம் வேலைக்கு நிற்கையில், மயிரின் சுருளைக் கண்டே கதவடைக்கும் நாட்டில், அப்பெண்கள் சீப்பைக் காய்ச்சியதைப் பழிக்க நமக்கு நா எழவில்லை. பழி கதவடைத்தவரைச் சேர்ந்தது. ஆனால் அம்மையார் இறந்த பின், 1920-களில், அவர் கம்பெனியே 'டான்-ஆஃப்' என்னும் தோல் வெளுக்கும் களிம்பை விற்றது. அதை நாம் எவ்வாற்றானும் நியாயப்படுத்த இயலாது. தலையை நோயினின்று காத்த கை, தோலின் நிறத்தையே நோயாக்கிய கையாக மாறியது பெருங்கேடு. சிவப்பழகுக் களிம்பை வாங்கி வாங்கித் தேய்த்த நம்மவர்க்கு இதை விளக்கவும் வேண்டுமோ?

அம்மையார் உயிரோடிருந்தபோது அவர் பொருளும் பெயரும் வேறு வழியிற் சென்றன. 1917 ஜூலை முதல் வாரத்தில் கிழக்குச் செயின்ட் லூயிஸ் நகரில் வெள்ளையர் கும்பல்கள் கறுப்பினத்தாரை வேட்டையாடிக் கொன்று, வீடுகளைக் கொளுத்தின. அம்மாதம் 28-ந் தேதி நியூயார்க்கின் ஐந்தாம் வீதியில் ஏறத்தாழப் பதினாயிரம் கறுப்பின மக்கள் பேச்சின்றி, முழவொலி மட்டும் கேட்க அணிவகுத்துச் சென்றனர். ஆகஸ்டு முதல் நாள், கும்பல் கொலையைக் குற்றமாக்கச் சட்டம் வேண்டி ஜனாதிபதி வில்சனிடம் விண்ணப்பம் கொடுக்கச் சென்ற குழுவில் வாக்கர் அம்மையாரும் ஒருவர். ஜனாதிபதிக்கு அவர்களைக் காண நேரமில்லை, செயலாளரே வாங்கிக்கொண்டார். அதே மாதக் கடைசியில் பிலடெல்பியாவில் அம்மையாரின் விற்பனைப் பெண்கள் இருநூற்றுவர்க்கு மேற்பட்டோர் முதன்முறையாக மகாநாடு கூடினர். அதிகம் விற்றவர்க்குப் பரிசளித்தது வியாபார வழக்கம். அறச்செயலுக்கு அதிகம் கொடுத்தவர்க்கும் பரிசளித்தது அம்மையாரின் வழக்கம். அம்மகாநாட்டார் கூந்தலைப் பற்றிப் பேசி முடித்து, கும்பல் கொலையைக் கண்டித்து வில்சனுக்குத் தந்தி அடித்தனர். சில ஆண்டுகளுக்கு முன்வரை தொட்டியில் துணி வெளுத்த பெண்கள் நாட்டின் தலைவருக்குத் தந்தி அடிப்பதென்றால், அதற்கு அந்த டப்பியன்றோ கூலி கொடுத்தது!

1919-ம் ஆண்டு மே மாதம் 25-ந் தேதி, நியூயார்க்கையடுத்த இர்விங்டனில் தாம் எழுப்பிய மாளிகையில் அவர் காலமானார். வயது ஐம்பத்தொன்று. அதற்குச் சில நாள் முன்னர் கும்பல் கொலை எதிர்ப்பு நிதிக்கு ஐயாயிரம் டாலர் தருவதாக வாக்களித்திருந்தார். அவரைக் கோடீசுவரி என்று பத்திரிகைகள் எழுதின. தாம் இன்னும் அந்நிலையை எட்டவில்லை என்று அவரே முன்பு சொல்லியிருந்தார். ஆனி மலோன் அம்மையாரோ 1918-ல் செயின்ட் லூயிசில் 'போரோ கல்லூரி' என்னும் பெருங் கட்டிடம் எழுப்பி, பின்னர் சிகாகோவுக்கு மாறி, வழக்குகளிலும் வரிகளிலும் செல்வம் கரைய, 1957-ல் மறைந்தார்.

இண்டியானாபோலிசில் வாழ்ந்த நாளில் வாக்கர் அம்மையார் ஒருமுறை படக்காட்சி காணச் சென்றார். நுழைவுச் சீட்டு பத்துக் காசு. அவரிடம் இருபத்தைந்து காசு கேட்டார்கள்; கறுப்பினத்தார்க்கு விலை வேறு என்றார்கள். திரும்பிவந்து தம் வழக்கறிஞரை அழைத்து வழக்குத் தொடுக்கச் சொன்னார்; நகரத்தில் தம் மக்களுக்கென ஒரு கட்டிடம் எழுப்பவும் திட்டமிட்டார். அவர் இறந்து எட்டு ஆண்டுகள் சென்றபின், 1927 டிசம்பரில், மகளின் காலத்தில் அக்கட்டிடம் திறக்கப்பெற்றது. கந்தகமும் மெழுகும் கலக்கும் தொழிற்சாலை ஒருபுறம், அழகுக்கலைப் பள்ளி ஒருபுறம், மருந்துக்கடை ஒருபுறம். அவற்றோடு, தூண்களிலும் சுவர்களிலும் ஆப்பிரிக்க உருவங்கள் பொறித்த ஒரு படக்காட்சி அரங்கமும் அதனுள் இருந்தது.